சிலந்தி கடித்தால் மருத்துவமனை எவ்வளவு தூரம்?

அசாம் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், தின்சுகியா மாவட்டத்தில் இருக்கிறது சதியா. 2012-ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன்பு அந்தச் சிற்றூரின் பெயரை அசாமுக்கு வெளியே அறிந்திருந்தவர்கள் குறைவு. அந்த மாதம் ஊருக்குள் கூட்டம் கூட்டமாகப் பெரிய சிலந்திகள் புகுந்துவிட்டன என்றும், கடிபட்டுப் பலர் மருத்துவமனைக்கு வந்தனர் என்றும், ஒரு சிறுவன் உள்பட இருவர் உயிரிழந்தனர் என்றும் செய்திகள் வெளியாயின. சில நாள்களில் லண்டன், சிட்னி பத்திரிகைகள் வரை சதியாவின் பெயர் அடிபட்டது. இரவில் விளக்கை அணைக்க அஞ்சி மக்கள் விழித்திருந்தனர். ஊர் முழுவதும் டிடிடி தெளிக்கலாமா என்றும் யோசிக்கப்பட்டது.

ஆய்வு செய்ய வந்த விலங்கியலாளர்களுக்கு அது எந்தச் சிலந்தி என்பதே உடனடியாகப் பிடிபடவில்லை. டாரன்டுலா வகையாக இருக்கலாம் என்றனர் சிலர். ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்திக்கு உறவாக இருக்கக்கூடும் என்ற ஊகமும் எழுந்தது. இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் என்றும் பேசப்பட்டது. இந்தப் பரபரப்பில் எல்லோரும் படித்துக் கடந்துபோன ஒரு தகவல் உண்டு. கடிபட்டவர்களில் பலர் முதலில் சென்றது மருத்துவமனைக்கு அல்ல. 'ஓஜா' எனப்படும் மந்திரவாதியிடம். அவர் கடிவாயைச் சவர பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றினார். நோயாளிகளின் நிலை மோசமானதற்கு இந்தக் கீறலே ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று அப்போதே மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். இறந்த இருவரின் உடல்களும் பிரேதப் பரிசோதனைக்கு முன்பே எரிக்கப்பட்டுவிட்டன. எனவே அவர்களது உயிரைப் பறித்தது சிலந்தியின் நஞ்சா, அழுக்குப் பிளேடு தந்த தொற்றா, வேறு ஏதேனும் நோயா என்பதற்கு இனி விடை கிடைக்கப் போவதில்லை.

ஒரு வகையில் பார்த்தால் அந்த மக்கள் ஓஜாவை நாடியதில் வியப்பில்லை. அன்றைய நிலையில் சதியாவுக்கும் நாட்டின் பிற பகுதிக்கும் இடையே லோஹித் ஆறு கிடந்தது. பெரிய மருத்துவமனை என்றால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திப்ரூகரில் உள்ள அசாம் மருத்துவக் கல்லூரிதான். அதற்குப் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் படகு இல்லை. வெள்ளம் வந்தால் பகலிலும் இல்லை. தோலா - சதியா இடையே 9.15 கிலோமீட்டர் நீளமுள்ள பூபேன் ஹசாரிகா பாலம் திறக்கப்பட்டது 2017 மே 26-ஆம் தேதி. அதாவது சிலந்திப் பீதிக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து. மருத்துவர் அக்கரையிலும் ஓஜா அடுத்த தெருவிலும் இருக்கும்போது மக்கள் யாரிடம் போவார்கள் என்பதைக் கண்டறிய ஆய்வுக் குழு தேவையில்லை.

அஞ்ச வேண்டியது எவ்வளவு?

உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. இந்தியாவில் மட்டும் 1,800-க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு; ஆனால் அது ஈயையும் கொசுவையும் வீழ்த்துவதற்கான நஞ்சு. பெரும்பாலானவற்றின் பற்கள் மனிதத் தோலைத் துளைக்கும் வலிமை இல்லாதவை. துளைத்தாலும் குளவி கொட்டியதைப் போன்ற வலியும் வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மனிதனுக்கு உண்மையில் ஆபத்தானவை என மருத்துவ நூல்கள் குறிப்பிடுபவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேரினங்கள்தாம். அவற்றில் ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்தியும் பிரேசிலின் அலையும் சிலந்தியும் இந்தியாவில் இல்லை. 'பிளாக் விடோ' எனப்படும் கருஞ்சிலந்தியின் உறவினங்களும், 'ரெக்லூஸ்' எனப்படும் பழுப்புச் சிலந்தியின் ஓர் இனமும் இங்கு உண்டு. மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மரப்பொந்துகளில் வாழும் 'பொயசிலோதீரியா' என்ற பெரிய மரச்சிலந்தி கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு ஏற்பட்டு, சில நேரங்களில் நாள்கணக்கில் நீடிப்பதும் பதிவாகியுள்ளது.

ஒப்புநோக்குக்காக ஒரு கணக்கு. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சிலந்தியால் நேர்ந்தது என உறுதி செய்யப்பட்ட மரணமோ உலக அளவிலேயே மிக அரிது. ஆனால் எட்டுக்கால் பூச்சி ஒன்று வீட்டுக்குள் வந்தால் கிளம்பும் கூச்சலில் பாதிகூட, பாம்புக்கடி மருந்து இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி எழுவதில்லை.

சிலந்தியின் தலையில் போடப்படும் பழிகளில் கணிசமானவை அதற்குச் சேராதவை. அக்கி எனப்படும் வைரஸ் நோயில் உடலின் ஒரு பக்கம் வரிசையாகக் கொப்புளங்கள் தோன்றும். அதைச் சிலந்தி ஊர்ந்ததால் வந்தது என்று நம்பும் வழக்கம் வட இந்தியக் கிராமங்களில் இன்றும் உண்டு. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்தை நாடி வரும் ஒரு சிறு வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்திலோ கன்னத்திலோ அது ஊரும்போது நாம் நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் தீச்சுட்டதுபோல் கொப்பளிக்கும். 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு கல்லூரி மாணவர்கள் சுமார் நூறு பேர் பாதிக்கப்பட்டபோது 'நைரோபி ஈ' என்று செய்திகளில் அடிபட்டது இந்த வண்டுதான். காலையில் எழுந்து பார்த்தால் தொடையில் சிவந்து சீழ் கோத்த கட்டி. இரவில் சிலந்தி கடித்திருக்கும் என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பரிசோதித்தால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கிறது. நீரிழிவு நோயாளிகளிடம் இந்தத் தவறான முடிவு விரலையோ காலையோ பறித்துவிடக்கூடும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குபவரை அது கடித்தால் வலியே தெரியாது, வீக்கம் இராது, பல்தடம்கூடக் கண்ணுக்குப் புலப்படாமல் போகும். 'ஏதோ பூச்சி கடித்தது' என்று புரண்டு படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, கண் இமைகள் தாமாகச் சரிதல், எச்சில் விழுங்க முடியாமை, பிறகு மூச்சுத் திணறல் என்று நிலைமை முற்றும். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் உத்தரப் பிரதேசத்திலும் மழைக்கால மரணங்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தப் புரண்டு படுத்தல் இருக்கிறது. எனவே கடித்தது எது என்று கண்ணால் பார்க்காத நிலையில் 'சிலந்திதான்' என்று முடிவுக்கு வருவது ஆபத்தானது. இரவில் தரையில் படுத்திருந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலியும் இமைச்சரிவும் கண்டால், கடித்த தடம் தேடிக்கொண்டிராமல் பாம்புக்கடி என்றே கருதி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

சிலந்தி கடித்ததைக் கண்ணால் கண்டவர் முதலில் செய்ய வேண்டியது மிக எளியது. கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்கு கழுவ வேண்டும். கை, கால் விரல்களில் மோதிரம், மெட்டி, வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க நேரும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலியும் வீக்கமும் குறையும். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. கடிபட்ட உறுப்பைச் சற்று உயர்த்தி வைக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அரிப்புக்குக் காலமைன் தடவலாம். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டோம் என்பது நினைவில்லாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

சிவந்த பகுதியின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, அருகில் நேரத்தை எழுதிவைப்பது பல மருத்துவர்கள் பரிந்துரைக்கும் வழக்கம். சில மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால், நோய் பரவுகிறதா அடங்குகிறதா என்பது படிப்பறிவு இல்லாதவருக்கும் தெரிந்துவிடும். சிலந்தியை எளிதாகப் பிடிக்க முடிந்தால் மூடியுள்ள சீசாவில் எடுத்துச்செல்லலாம், செத்திருந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியில் படம் எடுத்தாலும் போதும். சதியாவில் மருத்துவர்கள் திண்டாடியதற்கு முதன்மையான காரணம் கடித்தது எது என்று தெரியாததுதான். ஆனால் சிலந்தியைத் தேடி வீட்டைப் புரட்டிக்கொண்டு அரை மணி நேரத்தை வீணாக்குவது அறிவீனம்.

கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ பச்சிலையோ பூசக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டவே கூடாது. புனல்வலைச் சிலந்தி கடித்தால் உறுப்பு முழுவதும் அழுத்தக் கட்டுப் போட வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் கற்றுத் தருகிறார்கள். அது அந்த நாட்டுச் சிலந்திக்கான முறை. அங்கேயே செம்முதுகுச் சிலந்திக்கு அந்தக் கட்டு கூடாது என்கிறார்கள். வலியை அது அதிகரிக்கும். வெளிநாட்டுத் துண்டுப் பிரசுரத்தை அப்படியே மொழிபெயர்த்துப் பள்ளிகளில் ஒட்டிவைக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்வது? முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெங்கும் தடிப்பு எழும்பினால், தலைசுற்றி விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இது ஒவ்வாமையின் தீவிர நிலை. உடனே அட்ரினலின் ஊசி தேவைப்படும். சாதுவான சிலந்தி கடித்தாலும், ஏன் தேனீ கொட்டினாலும்கூட, சிலருக்கு இப்படி நேரலாம். கடித்த ஒரு மணி நேரத்துக்குள் வலி அடங்காமல் மேலேறி, வயிறு பலகைபோல் இறுகி, தசைகள் பிடித்து இழுத்து, வியர்வை ஊற்றெடுத்தால் அது கருஞ்சிலந்தி வகையின் நஞ்சாக இருக்கலாம். பழுப்புச் சிலந்தியின் கடி நேர்மாறானது. முதலில் பெரிதாக வலிக்காது; சில மணி நேரம் கழித்து நடுவில் வெளுத்தும் சுற்றிலும் ஊதா நிறத்திலும் மாறி, பின்னர் புண்ணாகக் குழிவிழும். அத்துடன் காய்ச்சல் வந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் ரத்த அணுக்கள் சிதைகின்றன என்று பொருள்; அது அவசர நிலை. சிவப்புக் கோடு கடிவாயிலிருந்து மேல்நோக்கி ஓடினாலும், சீழ் வைத்தாலும், இரண்டு நாளில் குறையாமல் பெருகினாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோர் விஷயத்தில் அறிகுறிக்காகக் காத்திராமல் முன்கூட்டியே செல்வதே முறை.

சிலந்திக்கடிக்கான நச்சுமுறி மருந்து இந்தியாவில் தயாரிக்கப்படுவதில்லை. பாம்புக்கடிக்குத் தரும் மருந்து சிலந்தி நஞ்சை முறிக்காது. தேவையின்றி அதைச் செலுத்தினால் ஒவ்வாமைதான் மிஞ்சும். இதைக் கேட்டு மலைத்துப்போக வேண்டியதில்லை. செம்முதுகுச் சிலந்திக்கு 1956 முதல் நச்சுமுறி மருந்து வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவில், வலிநிவாரணிகளுடன் சேர்த்துத் தந்தபோது அந்த மருந்தால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் இல்லை என்று 2014-இல் வெளியான மருத்துவ ஆய்வு கண்டறிந்தது. புனல்வலைச் சிலந்தியின் கதை வேறு. அதற்கான மருந்து 1981-இல் வந்த பிறகு அங்கு அதன் கடியால் உறுதி செய்யப்பட்ட மரணம் ஒன்றுகூட இல்லை. நம் நாட்டுச் சிலந்திகளைப் பொறுத்தவரை வலியைக் குறைத்து, தசைப்பிடிப்பைத் தளர்த்தி, ரத்த அழுத்தத்தைக் கண்காணித்து, புண்ணைத் தூய்மையாக வைத்திருப்பதே சிகிச்சை. ஒரு நல்ல வட்டார மருத்துவமனையில் இவை அனைத்தும் சாத்தியம்.

சாத்தியம் என்பதற்குச் சான்று மகாராஷ்டிரத்தின் மகாடில் இருக்கிறது. சிலந்தியின் நெருங்கிய உறவான செந்தேள் கொங்கணக் கரையில் ஒரு காலத்தில் கொட்டியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரைக் கொன்றது. (இந்தத் தேளுக்கு 1798-இல் சூட்டப்பட்ட அறிவியல் பெயர் 'தமுலஸ்' என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்கலாம்.) அங்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகப் பணியாற்றிய ஹிம்மத்ராவ் பாவஸ்கர், நோயாளிகளின் படுக்கையருகே இரவுபகலாக அமர்ந்து, தேளின் நஞ்சு இதயத்தை எப்படித் தாக்குகிறது என்று குறிப்பெடுத்தார். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் 'பிரசோசின்' என்ற மலிவான மாத்திரையைப் பயன்படுத்தி மரண விகிதத்தை நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தில்லியின் பெரிய ஆய்வகங்களில் அல்ல, மின்சாரம் போய்ப்போய் வரும் ஒரு கிராம மருத்துவமனையில் கிடைத்த விடை அது.

தில்லி என்ன செய்கிறது?

மத்திய சுகாதார அமைச்சகம் 2024 மார்ச் மாதம் பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களுக்கு அமைச்சகம் கடிதம் எழுதியது. கர்நாடகம் அதற்கு முன்பே அவ்வாறு செய்திருந்தது. தமிழகமும் அந்த நவம்பரில் அறிவித்தது. அசாம், தில்லி, ஆந்திரம், மத்தியப் பிரதேசம், புதுச்சேரி ஆகிய இடங்களில் 15400 என்ற உதவி எண் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. நஞ்சு எதுவாயினும், சிலந்தியாகவே இருந்தாலும், ஆலோசனை பெறத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் தேசிய நச்சுத் தகவல் மையம் செயல்படுகிறது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 116 117. முப்பதாண்டுகளாக இருந்துவரும் இந்த மையத்தைப் பற்றிக் கிராம மருத்துவமனைகளின் சுவர்களில் ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா என்று உறுப்பினர்கள் தத்தம் தொகுதியில் பார்த்துவிட்டு மக்களவையில் கேள்வி எழுப்பலாம்.

சிலந்திக்கென்று தனித் தேசியத் திட்டம் இல்லை, தேவையும் இல்லை. பாம்புக்கடிக்குத் தயாராக இருக்கும் மருத்துவமனை, அதாவது மூச்சுக்குழாய் செலுத்தத் தெரிந்த மருத்துவர், அட்ரினலின், ஆக்சிஜன், இரவிலும் ஓடும் ஆம்புலன்ஸ் ஆகியவற்றைக் கொண்ட மருத்துவமனை, சிலந்திக்கும் தேளுக்கும் குளவிக்கும் தயாராகவே இருக்கும். அசாமிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சிவசாகர் மாவட்டத்தின் டெமௌ சமுதாய மருத்துவமனையில் டாக்டர் சுரஜித் கிரியும் அவரது குழுவினரும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தன்னார்வலர்களைத் திரட்டி, கடிபட்டவர் ஓஜாவிடம் போவதற்கு முன்பே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்துள்ளனர். அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான பாம்பு நஞ்சில் பெரும்பகுதி சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. தென்னகப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகத்திடமும் பச்சைக் குழிவிரியனிடமும் போதிய பலன் தருவதில்லை. வடகிழக்குக்கெனத் தனி மருந்து வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக நிலுவையில் இருந்துவருகிறது.

அசாம் அரசு 2024 பிப்ரவரியில் மாய மந்திரச் சிகிச்சைகளைத் தடைசெய்து, மீறினால் சிறைத்தண்டனை என்று சட்டம் இயற்றியது. மத அமைப்புகள் சில அதை எதிர்த்தன; அந்த விவாதம் தனியானது. சட்டத்தால் ஓஜாவின் பிளேடைப் பறிமுதல் செய்துவிட முடியும். அவர் இருந்த இடத்தில் ஒரு செவிலியரை நியமிக்க நிதி ஒதுக்கீடு வேண்டும். சதியாவுக்குப் பாலம் வந்துவிட்டதால் இன்று திப்ரூகருக்கு இரவிலும் போகலாம். பிரம்மபுத்திராவின் நடுவே உள்ள 'சார்' எனப்படும் ஆற்றுத்திட்டுகளில் வசிக்கும் லட்சக்கணக்கானோருக்கு இன்னமும் படகுதான்.

மழைக்காலத்தில் சிலந்தி, தேள், பாம்பு மூன்றும் வெள்ளத்துக்குத் தப்பி உலர்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வருகின்றன. விறகுக் குவியலில் கைவிடுமுன் குச்சியால் தட்ட வேண்டும். காலணியையும் கொடியில் கிடந்த துணியையும் உதறிவிட்டு அணிய வேண்டும். இருட்டில் கைவிளக்கின்றி நடக்கக் கூடாது. மலேரியாத் தடுப்புக்காக அசாம் கிராமங்களில் அரசு இலவசமாக வழங்கிய கொசுவலைகள் மூன்றுக்குமே நல்ல தடுப்பு. வலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நான்கு புறமும் செருகிவிட வேண்டும்; தொங்கவிட்டால் பயனில்லை.